இரண்டு பூஜ்யமும் பால் பாட்டில் வரிசையும்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரை வளர்த்தேன். பெற்றது மூன்று, மற்ற இரண்டும் கொழுந்தன் பிள்ளைகள். எது என்னுடையது எது அவருடையது என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாதபடி வளர்த்தேன். படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஆனால் எழுதுவேன். கையெழுத்துக் கேட்ட இடத்தில் இதுவரை பெருவிரலை நீட்டினதில்லை.

டில்லி கிட்வாய் நகரில் முன்னால் இரண்டடுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. எங்களுக்குக் கீழ்வீடு. அதையெல்லாம் இடித்துவிட்டு இப்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற மாதிரி கட்டியிருக்கிறார்கள். என் மகனுக்கும் கவர்மெண்ட் வேலை என்பதால் அங்கேயே ஒன்பதாவது மாடியில் வீடு கிடைத்தது. மத்தியானம் பால்கனி வெயிலில் கண்ணை மூடினால், என் பழைய அடுக்களை நேர் கீழே, எட்டு வீட்டுக்கு அடியில், அப்படியே இருக்கிற மாதிரி தோன்றும். அடுப்பில் பால் வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேனோ என்று திடுக்கென்று விழிப்பேன்.

இது என் மருமகளைப் பற்றியது. அவள் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் நான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போயிற்று. "ரெண்டு மாசம் லீவு போடுதேன் அத்தை" என்றாள். இரண்டு மாசம் ஐந்து வருஷமானது. ஒரு நாளும் சொல்லிக்காட்டினதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அன்றோடு முடிந்திருக்கும். அவள் சொல்லாமல் இருந்ததுதான் எனக்குள்ளே கிடந்தது. இவள் திரும்ப வேலைக்குப் போகாவிட்டால் அது என் இடுப்பின் பேரில்தான் நிற்கும். அப்படி ஒரு பேர் எனக்கு வேண்டாம்.

போன குளிர்காலத்தில் மறுபடி வேலை தேட ஆரம்பித்தாள். இப்போது இன்டர்வியூ என்பது வேறு மாதிரி. ஸ்கிரீனில் இரண்டு பேர் வந்து உட்காருவார்கள். ஒரு கணக்குக் கொடுப்பார்கள். அதை பைத்தான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையில் அவர்கள் கண்ணெதிரே எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, என்ன நினைக்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். இவளுக்குக் கணக்கு வரும், வாய் வராது. முதல் கம்பெனி இன்டர்வியூ முடிந்து அறையை விட்டு வெளியே வந்தவள், நேரே போய் வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தாள்.

"என்னாச்சு?"

"ஊமை மாதிரி இருந்துட்டேன் அத்தை. விடை தெரியும். ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்காங்க, தொண்டைக்குள்ள பூட்டு."

இன்னொரு கம்பெனி மூன்று வாரம் தள்ளித் தேதி கொடுத்தது. அன்றைக்கே நான் சொன்னேன், "தினம் மத்தியானம் அந்தக் கணக்கை எங்கிட்ட சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். "உங்களுக்கு என்ன புரியும்?"

"புரியாதவகிட்ட சொல்லிப் பழகு. புரிஞ்சவன்கிட்ட தானா வாய் வரும்."

அப்படித்தான் எங்கள் மத்தியானங்கள் ஆரம்பித்தன. சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடித்ததும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு வருவாள். நான் ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு வெயிலில் சாய்ந்திருப்பேன். பேத்தி பள்ளிக்கூடம் போயிருப்பாள். கீழே யாரோ காய்கறி வண்டிக்காரனை "பையா, பையா" என்று இந்தியில் கூப்பிடுவது பறவைச் சத்தம் மாதிரி மேலே வரும். அதற்கு நடுவில் அவள் குரல்.

எல்லாம் வரிசைதான். வரிசையாக எண்கள். அதற்கு லிஸ்ட் என்று பேர். அதில் முதல் இடத்துக்கு ஒன்று என்று சொல்வதில்லை, பூஜ்யம் என்கிறார்கள். "முதல்ல நிக்கிறவன் என்ன பாவம் செஞ்சான்?" என்று கேட்டேன். "முன்னால எத்தனை பேர் நிக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. அவனுக்கு முன்னால யாரும் இல்ல, அதான் பூஜ்யம்" என்றாள். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு முழுதும் ஆறாம் மாடிக்காரி, ஏழாம் மாடிக்காரி என்று யாரைப் பார்த்தாலும், அவளுக்குக் கீழே எத்தனை மாடி என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

வரிசையில் பெரிய எண் எது என்று கண்டுபிடிக்கிற கணக்கு ஒன்று. கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். எதிரே அதைவிடப் பெரிசு வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் கையில் பூஜ்யத்தோடு கிளம்பினாள். பிறகு தானே நின்று, "தப்பு. எல்லாமே பூஜ்யத்துக்குக் கீழ உள்ள எண்ணா இருந்தா வரிசையிலயே இல்லாத பூஜ்யம் ஜெயிச்சுரும். முதல்ல நிக்கிறதையே கையில எடுக்கணும்" என்றாள். நான் "உம்" கொட்டினேன். என் வேலை அவ்வளவுதான். சில நாள் உம் கொட்டிக்கொண்டே தூங்கிவிடுவேன். தூக்கத்திலும் யாரோ எதையோ கையில் எடுத்துப் பார்த்து, கீழே வைத்து, நடந்துகொண்டே இருப்பார்கள்.

"அத்தை, தூங்குதீங்க."

"கண்ணுதான் மூடியிருக்கு. காது உன் கூடத்தான் நடக்கு. நிறுத்தாத."

இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை என்று ஞாபகம், அவள் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். வரிசையில் உள்ள பூஜ்யங்களையெல்லாம் எடுத்துவிட வேண்டும். நாலு, பூஜ்யம், பூஜ்யம், ஏழு. முதலிலிருந்து நடக்கிறாள். பூஜ்யம் வந்தால் எடுக்கிறாள். கடைசியில் பார்த்தால் நாலு, பூஜ்யம், ஏழு. ஒரு பூஜ்யம் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை ஏன் விட்டே?" என்றேன், கண்ணைத் திறக்காமல்.

"நான் எங்க விட்டேன்? ஒவ்வொண்ணாத்தான் பாக்கேன்" என்றாள், கோபத்தோடு. பிறகு சத்தமாக, மெதுவாக, விரலை ஸ்கிரீனில் வைத்துச் சொல்லிக்கொண்டு போனாள். "இங்க நாலு. அடுத்த இடம், பூஜ்யம். எடுத்தாச்சு. எடுத்ததும் பின்னால நிக்கிறது எல்லாம் ஒரு இடம் முன்னால நகருது. ரெண்டாவது பூஜ்யம் இந்த இடத்துக்கு வந்துட்டு. ஆனா நான் அடுத்த இடத்துக்குப் போயிட்டேன். அங்க ஏழு நிக்கு. அரே! நான் பாக்காமலேயே அது என்னைத் தாண்டிப் போயிட்டு!"

நான் எழுந்து உட்கார்ந்தேன். ரஜாய் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றேன்.

அவள் திரும்பச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அத்தை, தண்ணி வேணுமா?" என்றாள்.

ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை அன்றைக்கு அவளிடம் சொன்னேன்.

அப்போதெல்லாம் பால் பூத்தில் விடியுமுன்னே வரிசை. குளிரில் நிற்க முடியாதவர்கள் காலி பாட்டிலை வரிசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பாட்டில்தான் ஆள். பூத் முன்னால் சதுரக் கல் பாவியிருந்தது, ஒரு கல்லுக்கு ஒரு பாட்டில். பூத் திறக்கிற நேரத்தில் வந்து சேராதவர்களின் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதைச் செய்ய என்னைத்தான் வைத்திருந்தார்கள். பஞ்சாபிக்காரிகள், பெங்காலிகள் எல்லாரும் சேர்ந்து, "மதராஸி பஹன்ஜி நேர்மையானவள்" என்று வைத்தது. பஹன்ஜி என்றால் அக்கா. எனக்கு அதில் பெருமை உண்டு. கல் கல்லாக நடப்பேன். "யே கிஸ்கா?", இது யாருடையது, என்று கேட்பேன். "மேரா", என்னுடையது, என்று குரல் வந்தால் அடுத்த கல். குரல் வராவிட்டால் பாட்டிலை எடுத்துவிடுவேன். பின்னால் நிற்கிறவர்கள் உடனே தங்கள் பாட்டிலை ஒரு கல் முன்னால் தள்ளிக்கொள்வார்கள். வராதவர்கள் பாட்டிலையும் அடுத்தவர்கள் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள்.

ஒரு நாள் அடுத்தடுத்து இரண்டு பேர் வரவில்லை. முதல் பாட்டிலை எடுத்தேன். அடுத்த கல்லுக்குப் போனேன். இரண்டாவது பாட்டில் எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ்க்காரியுடையது. அது அப்படியே நின்றுவிட்டது. பால் ஊற்ற ஆரம்பித்த பிறகு அவள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்து தன் பாலை வாங்கிக்கொண்டு போனாள். கடைசியில் நின்ற ஒரு பஞ்சாபிக்காரிக்குப் பால் இல்லை. இடுப்பில் கைக்குழந்தை. எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னாள், "தன் ஊர்க்காரியைக் காப்பாத்திட்டா."

நான் காப்பாற்றவில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. தெரியாததை எப்படி மறுத்துச் சொல்வது? வாயைப் பூட்டிக்கொண்டு நின்றேன். மறுநாளிலிருந்து அந்த வேலைக்குப் போகவில்லை. அந்தப் பஞ்சாபிக் குடும்பமும் கொஞ்ச நாளில் மாற்றலாகிப் போய்விட்டது.

சொல்லி முடித்ததும் மருமகள் அடுக்களைக்குப் போய் நாலு டம்ளர் எடுத்து வந்தாள். பால்கனித் தரையில், டைல்ஸுக்கு ஒன்றாக வைத்தாள். நடுவில் இரண்டைக் கவிழ்த்து வைத்தாள், வராத ஆள் என்பதற்கு. "நடங்க அத்தை" என்றாள். கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தேன். முதல் கவிழ்ந்த டம்ளரை எடுத்தேன். பின்னால் இருந்ததையெல்லாம் அவள் ஒரு டைல்ஸ் முன்னால் நகர்த்தினாள். நான் அடுத்த டைல்ஸில் கால் வைத்தேன். கவிழ்ந்த டம்ளர் எனக்குப் பின்னால் நின்றது.

"நீங்க யாரையும் காப்பாத்தல. நீங்க நடக்கும்போது வரிசையும் நடந்துட்டு" என்றாள்.

நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு, "அப்ப எப்படிச் செஞ்சிருக்கணும்?" என்றேன்.

"பின்னாலிருந்து முன்னால நடந்து வரணும். எடுத்தாலும் நகர்றது எல்லாம் நாம பாத்து முடிச்சதாத்தான் இருக்கும். இல்லன்னா புதுசா ஒரு வரிசை போட்டு வந்தவங்களை மட்டும் அதுல வைக்கணும்."

"பின்னாலிருந்துதான் நல்லது. அந்தக் குளிர்ல புதுசா வரிசை போட்டா சண்டை வரும்."

"கம்ப்யூட்டர்ல சண்டை வராது அத்தை."

"பஞ்சாபிக்காரி அங்க இல்ல, அதான்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து பால்கனிக்காரி எட்டிப் பார்த்தாள்.

இன்டர்வியூ அன்று அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று சட்டம். நான் பால்கனிக்குப் போனேன். நடுவில் ஒரு கதவுதான். கணக்குக் கொடுக்கிற குரல் கேட்டது, இங்கிலீஷில். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. வெயில் என் முட்டியிலிருந்து ஒரு விரற்கடை இறங்குகிற வரைக்கும் சத்தமில்லை. ஏட்டி, வாயைத் திற என்று கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு செருமல் செருமினால் போதும், நான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். செருமவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவள் ஜெயித்தால் அவளே ஜெயித்ததாக இருக்க வேண்டும்.

அப்போது கதவுக்குள்ளே அவள் குரல் வந்தது. எனக்குப் புரிந்தது இரண்டே வார்த்தை. மில்க். பாட்டில். பிறகு குரல் நிற்கவே இல்லை, குழாய் திறந்த மாதிரி.

என்ன கணக்கு என்று பிற்பாடு சொன்னாள். பூஜ்யங்களையெல்லாம் அதே வரிசையின் கடைசிக்கு அனுப்ப வேண்டும், மற்றவை தங்கள் முறை மாறாமல் நிற்க வேண்டும். ஸ்கிரீனில் இருந்த இரண்டு முகத்தையும் விட்டுவிட்டுச் சதுரக் கல்லை நினைத்துக்கொண்டாளாம். பூஜ்யம் வராதவள் பாட்டில், மற்றது வந்தவள் பாட்டில். ஒரு விரல், அடுத்து வந்தவள் பாட்டில் நிற்க வேண்டிய கல்லில். இன்னொரு விரல் நடந்து போகும். வந்தவள் பாட்டிலைக் கண்டால் முதல் விரல் இருக்கிற கல்லில் அதை வைத்து, அங்கே நின்றதை இங்கே மாற்றிவிட்டு, முதல் விரல் ஒரு கல் தள்ளிப்போகும். "வராதவங்க எல்லாம் தன்னால பின்னால போயிட்டாங்க அத்தை. ஒருத்தரையும் வெளிய தூக்கிப் போடல."

ஆறு மாசம் சோதனைக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள் மெட்ரோவில் போகிறாள். முதல் நாள் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "தனியா இருந்துருவீங்களா?" என்றாள். "அஞ்சு பேரை வளத்தவகிட்ட கேக்கிற கேள்வியா? ஜல்தி போ" என்றேன். லிஃப்ட் மூடுகிற சத்தம் கேட்டதும் அழுகை வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அந்த மூன்று நாள் மத்தியானமும் பால்கனியில் நானும் வெயிலும்தான். கண்ணை மூடினால் எட்டு வீட்டுக்கு அடியில் பால் பூத் திறக்கிறது. பஞ்சாபிக்காரி கடைசிக் கல்லில் நிற்கிறாள், குழந்தை அதே வயதில். இப்போது நான் பின்னாலிருந்து நடந்து வருகிறேன். முதலில் அவளிடம்தான் வருவேன். யே கிஸ்கா என்று கேட்பேன். மேரா என்பாள்.

இதை எழுத எனக்குப் பதினோரு மத்தியானம் ஆயிற்று. பேத்தி ஒன்பதாம் வகுப்பு. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பதால் வாசித்துவிடுவாள், மெதுவாக. ஏட்டி, பையைக் கீழே வை. கை கழுவிவிட்டு வா. உன் அம்மா வருகிறதற்குள் இதை எனக்குச் சத்தமாக வாசி, சரியாக இருக்கிறதா என்று கேட்கிறேன். நடுநடுவே சில வரியை அடித்திருக்கிறேன். அடித்ததைத் தாண்டும்போது அதற்கு அடுத்த வரியையும் சேர்த்து விட்டுவிடாதே.