கையெழுத்துப் போட்ட பதினான்கு நாட்கள்

போன வருஷம் மழைக்காலத்தில் சேலத்துக்கு இறங்கும் மலைப்பாதை மூடிக்கொண்டது. என் வாழ்க்கையும் அதோடு மூடிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். சபையில் எழுந்து நின்று இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பாவும் அம்மாவும் ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர்கள். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டால் டீச்சர் ஆகிவிடலாம் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன். பி.எட். என்று ஒன்று உண்டு, அது இல்லாமல் சட்டப்படி ஆசிரியர் இல்லை என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒரு சின்னத் தனியார் பள்ளியில் ஐந்து வருஷம் கணக்கு எடுத்தேன். ஆறாம் வருஷம் நிர்வாகம் கூப்பிட்டு, பி.எட். இல்லாதவர்கள் இனி வகுப்புக்குப் போகக் கூடாது என்றது. என்னை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்கும். நான் மாற்றுச் சான்றிதழ் டைப் செய்துகொண்டிருப்பேன். அந்த ஆபீஸ் எனக்கு ஜெயில் மாதிரி இருந்தது.

அஞ்சல் வழியில் படிக்கலாம் என்று விசாரித்தேன். அது ஏற்கனவே ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்தவர்களுக்குத்தான் என்றார்கள். ஆசிரியராக இல்லாதவள் ஆசிரியர் ஆவதற்கு முதலில் ஆசிரியராக இருக்க வேண்டுமாம். எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வந்தது. கடைசியில் முப்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு, சேலத்தில் ஒரு கல்லூரியில் நேரடியாகச் சேர்ந்தேன். இரண்டு வருஷம். தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். மலையிலேயே பிறந்த எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒன்றரை வருஷம் பிளாஸ்டிக் பையோடுதான் படித்தேன்.

இரண்டாம் வருஷம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. எண்பது நாள். எனக்குச் சேலத்தில் ஒரு பள்ளி ஒதுக்கினார்கள். எட்டு நாளுக்கு மேல் விடுபட்டால் தேர்வு எழுத முடியாது. அடுத்த வருஷம் ஜூனியர்களோடு மறுபடி எல்லாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும்போதே மழை கொட்டியது. திங்கள் காலையில் பாதையில் பாறை விழுந்துவிட்டது, பஸ் இல்லை என்றார்கள். மாற்றுப் பாதையான குப்பனூர் வழியும் மண் சரிந்து போயிருந்தது. நடந்தே இறங்கிவிடலாம் என்று கிளம்பினேன். தடுப்புப் போட்டிருந்தவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேலே பனி, கீழே பாறை, நடுவில் நான்.

நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஜெபம் பண்ணினேன் என்று சொல்வதை விட, ஆண்டவருக்குக் கணக்குப் பாடம் எடுத்தேன் என்பதுதான் உண்மை. "ஆண்டவரே, இன்னும் நாலு நாள்தான் தாங்கும். அதுக்குள்ள பாதையத் திறந்துருங்க" என்று காலண்டரைக் காட்டிப் பேசினேன். என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். அதிகம் பேசாத மனிதர். "புள்ள, அவருக்கு எண்ணத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார். அவர் மேலேயும் எரிந்து விழுந்தேன்.

ஐந்தாம் நாள் மாரமங்கலம் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை குடையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நூருன்னிசா அம்மா. அவர் கணவருக்கு ஏற்காட்டில் மளிகைக் கடை, நாங்கள் அங்கேதான் சாமான் வாங்குவோம். அவர் பள்ளியின் கணக்கு ஆசிரியர் சேலத்திலிருந்து ஏறி வருகிறவர். அவர் கீழே மாட்டிக்கொண்டார், நான் மேலே மாட்டிக்கொண்டேன்.

"ஏனுங்க ஜெயசீலி, ஊட்டுல சும்மாதானே இருக்கறீங்க. பத்தாவது புள்ளைங்க நொம்பத் தவிக்குதுங்க. பாதை தெறக்கற வரைக்கும் வந்து கணக்கு எடுங்க" என்றார்.

சும்மா இருக்கிறேன் என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஆனாலும் போனேன். குடை பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடை. இருபத்திரண்டு பிள்ளைகள். முதல் நாள் பிதாகரஸ் தேற்றம். மிளகு பறிக்கும் ஏணியைச் சில்வர் ஓக் மரத்தில் சாய்த்த மாதிரி கரும்பலகையில் வரைந்தேன். பின் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "டீச்சர், ஏணிய அவ்ளோ தள்ளி வெச்சா சறுக்கீருமுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பல நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியாள் யார் வந்து வகுப்பெடுத்தாலும், போகும் முன் ஒரு நீள நோட்டில் தேதி, பீரியடு, வகுப்பு, என்ன பாடம், எந்தப் பயிற்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கீழே தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு முத்திரை வைப்பார். எனக்கு அது தேள் கொட்டுவது போல இருந்தது. இலவசமாக வருகிறேன், நனைந்துகொண்டு வருகிறேன், இதில் கணக்குப் பிள்ளை வேலை வேறா? ஒரு வியாழக்கிழமை எழுதாமலேயே நழுவி வந்துவிட்டேன். மறுநாள் முந்தின தேதிக்கு எழுதப் போனபோது அவர் விடவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு எழுதாத நாளுக்கு நான் சாட்சி சொல்ல முடியாதுங்க" என்றார்.

பாதை திறக்கப் பத்தொன்பது வேலை நாள் ஆனது. எட்டு நாளைத் தாண்டிவிட்டதால் தேர்வு எழுத முடியாது என்று அதற்குள் கல்லூரியிலிருந்து செய்தி வந்துவிட்டது. முதல் பஸ்ஸில் இறங்கி முதல்வரைப் பார்த்தேன். நல்ல மனுஷிதான். ஆனால் விதி விதிதான். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா. உங்க தப்பில்ல" என்றார். என் தப்பில்லை என்பது எனக்கு என்ன ஆறுதல்? திரும்பி வரும்போது பாதி மலையில் வாந்தி எடுத்தேன். பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தபடி, "ஆண்டவரே, எங்கிட்ட இனிமே கணக்கு இல்ல. நீங்களே போட்டுக்கோங்க" என்றேன். அதுதான் அந்த மாதம் முழுவதிலும் நான் செய்த முதல் ஜெபம். அதற்கு முன் பண்ணியதெல்லாம் தகராறு.

மறுநாள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டு வரப் பள்ளிக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்து நூருன்னிசா அம்மா விசாரித்தார். சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து அந்த நீள நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிதானுங்களே. நீங்க இங்க எடுத்ததும் கற்பித்தல்தானுங்களே. இத எதுக்குங்க எழுதி வெச்சோம்?"

பதினைந்து நாள் எடுத்தேன். பதினான்கு நாளுக்குக் கையெழுத்து இருந்தது. எந்த வகுப்பு, எந்தப் பாடம், எந்தப் பயிற்சி, எல்லாம் இருந்தது. அவர் நகலெடுத்துச் சான்றொப்பம் வைத்துக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். கல்லூரி முதல்வர் அதைப் பக்கம் பக்கமாகப் படித்தார். தன்னால் மட்டும் முடிவு செய்ய முடியாது என்று மேலிடத்துக்கு அனுப்பினார். பதினோரு நாள் பதில் இல்லை. அந்தப் பதினோரு நாளும் சேலத்துப் பள்ளிக்குப் போய்ப் பயிற்சியைத் தொடர்ந்தேன். ஆனால் காலண்டரைக் காட்டி ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் அனுமதி வந்தது. பத்தொன்பதில் பதினான்கு போக ஐந்துதான் விடுபட்ட நாள். அப்புறம் அலைந்த இரண்டு மூன்று நாளைச் சேர்த்தாலும் எட்டுக்குள் நின்றேன். கல்லூரி வராண்டாவில் உட்கார்ந்து, யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன். வீட்டுக்காரருக்கு போன் செய்தேன். அவர் "ம்" என்றார். அப்புறம் அவர் அழுவது கேட்டது.

பி.எட். முடித்துவிட்டேன். இப்போது அதே மாரமங்கலம் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியை நான். தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஏணிப் பெண் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்திருக்கிறாள். டீச்சர் ஆக வேண்டுமாம். பட்டமும் பி.எட்.டும் சேர்த்தே நான்கு வருஷத்தில் முடிக்கிற படிப்பு இருக்கிறது என்று இப்போதே சொல்லிவிட்டேன். நம் சபைப் பிள்ளைகளும் டிகிரியில் சேரும் முன்னாலேயே வந்து கேளுங்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போனது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவி நம் சபையிலிருந்துதான் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அது வேறு வீட்டிலிருந்து, குடையோடு, நான் முகம் சுளித்துக்கொண்டிருந்தபோதே வந்து நின்றது. அன்றைக்குக் கதவைத் திறந்ததைத் தவிர நான் செய்த புண்ணியம் ஒன்றுமில்லை.

உங்களில் யாருக்காவது இன்றைக்குப் பாதை மூடியிருக்கலாம். திறக்கச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. ஆனால் கேட்டுக்கொண்டே, மாட்டிக்கொண்ட இடத்தில் என்ன வேலை கிடக்கிறதோ அதைச் செய்யுங்கள். நான் பாறைக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு நாளாக எழுதி வைத்துக்கொண்டிருந்தார். இதற்கு நான் சாட்சி. இன்றைய தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன்.