கொடியக்காவின் பிரஸ் பட்டன்கள்

வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே ஊர்வம்பு முழுவதையும் பேசி முடிப்பாள் கொடியக்கா. ஒரு ஊசிகூட உள்ளே போனதில்லை. அகதி முகாமின் தையல் அறையில் அவளுக்கு ஒரே வேலை. உதவி செய்யும் நாட்டின் கொடியைக் கம்பளிகளில் வைத்துத் தைக்க வேண்டும். பார்வையிட வரும் அதிகாரிகள் எடுத்துக்கொள்ளும் படத்தில் கொடி தெரியாவிட்டால் அடுத்த லாரி வராது.

அழுத்தித் தைக்க அவளுக்கு மனம் வராது. கொடியின் ஜரிகை பச்சைப்பிள்ளைகளின் கன்னத்தைக் கீறிவிடுகிறது. "பொறந்து ஒம்போது நாள்தான் ஆகுது, அதுக்கு எதுக்குங்க அரசியல்?" என்பாள். ஒன்பது நாள் என்பது அவள் தங்கை பெற்ற பிள்ளையின் வயது. அதனால் பிரஸ் பட்டன். விருந்தாளி வந்தால் மாட்டு, போனால் கழற்று. கழற்றிய கொடிகள் பிஸ்கட் டப்பாவில் தூங்கும்.

போன வாரம் வந்ததே சோதனை! ஒன்றோடொன்று முகம்கொடுத்துப் பேசாத இரண்டு நாடுகள். கம்பளி ஒருவருடையது, அதை ஏற்றிவரும் லாரி மற்றவருடையது. இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் குளிர்காலத்துக்குப் புதுக் கம்பளி. முகாமின் பிள்ளைத் தொட்டில்களைப் பார்வையிட காலையில் ஒரு நாட்டு அதிகாரி, மாலையில் மற்ற நாட்டு அதிகாரி என்று ஏற்பாடு. இருவரும் பத்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

மேலாளருக்கு வேர்த்துக் கொட்டியது. "அக்கா, குடி முழுகிப்போச்சு! எந்தக் கொடிய மாட்டுறது?"

"ரெண்டையுந்தான். தொட்டிலுக்கு இந்தப் பக்கம் தொங்குற கம்பளி ஓரத்துல ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நீங்க டீயக் குடுத்து ஆளுக்கொரு பக்கமா நிறுத்துங்க, போதும்."

டீ ஆறுவதற்குள் இருபது தொட்டில்களிலும் பட் பட்டென்று வேலை முடிந்தது. எதிரெதிரே நின்றவர்கள் தப்பித்தவறியும் நிமிர்ந்து பார்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பகைக்கு ஒரு கும்பிடு! அவரவர் கொடியோடு குனிந்து, சிரித்து, படம் எடுத்துக்கொண்டார்கள். ஓர் அதிகாரி மட்டும் மேலாளரிடம் விசாரித்தார், கொடி கெட்டியாக நிற்குமா என்று.

"நாலு பட்டன் போட்டிருக்கேன். சந்தேகமே வேண்டாம்னு சொல்லுங்க."

இரண்டு கையெழுத்தும் விழுந்தன. மேலாளர் காகிதத்தைத் தூக்கிக் காட்டியபோது அக்கா இருந்த இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கார்கள் கிளப்பிய புழுதி அடங்குமுன் டப்பாவோடு கிளம்பினாள். பட், பட், பட். கடைசித் தொட்டிலில் தங்கை மகள் கொட்டாவி விட்டாள். இரண்டு கொடிகளையும் கழற்றிய அக்கா, அவை இருந்த இடங்களில் தன் கன்னத்தை வைத்து, இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். பிறகுதான் கம்பளியை இழுத்துப் பிள்ளையின் கழுத்துவரை போர்த்தினாள்.