பாலமுனைக்குப் போன ஐஸ் லொறி

கடந்த ஓகஸ்டில் பத்து நாள் விடுமுறைக்கு எங்கள் ஊரான சாய்ந்தமருதுக்கு வந்திருந்தேன். நோர்வேயில் இருந்துகொண்டு கிரீன்லாந்தின் பனியாறுகளை, அதாவது ஆறுபோல மெல்ல நகரும் பெரும் பனித்திரள்களை அளப்பது என் தொழில். உம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஐஸ் நகர்றதப் பாக்கவா புள்ள இவ்வளவு தூரம்? இனிப் போகாத," என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். மறுநாள், தோணி மீனுக்கு ஐஸ் கொண்டுபோகும் தம்பி றிஸ்வானின் லொறியில் ஏறிக்கொண்டேன்.

காலை 5.40க்குக் கல்முனையில் புறப்பட்டோம். பாலமுனைக் கடற்கரைக்கு ஏறக்குறைய பதினெட்டு கிலோமீட்டர். பின்னால் நாற்பது ஐஸ் பாளங்கள், மேலே உமி, அதற்கும் மேலே மூடிய படங்குத் துணி.

நிந்தவூரைத் தாண்டும்போது மாடொன்று குறுக்கே வந்தது. றிஸ்வான் பிரேக்கை மிதித்தான். மாடு தப்பிவிட்டது. ஆனால் பாளங்கள் மொத்தமாகச் சறுக்கி வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையில் இடித்தன. பலகை விரிசல் விட்டது. அவன் முதலில் அக்காவான என் தலையைத்தான் தொட்டுப் பார்த்தான்.

"அடிபட்டிச்சா ராத்தா?"

"இல்லடா. உனக்கு?"

"எனக்கு ஒண்டுமில்ல."

இறங்கிப்போய், லொறிப் பெட்டியின் அடியிலிருந்த துளைகளைக் கம்பியால் குத்தினான். உமி அடைத்திருந்தது. கலங்கல் நீர் பீறிட்டது.

"தண்ணி போக வழியில்லாட்டி அடியில தேங்கி ஐஸத் தூக்கிரும். பொறகு அது ஒரு இடத்தில நிக்காது."

"தம்பி, நான் அளக்கிறது இதத்தான்டா!"

வீதியோரத்திலேயே சொன்னேன். கோடையில் உருகும் நீர், வெடிப்புகள் வழியே பனியாற்றின் அடிவரை இறங்கும். அங்கே தேங்கி அழுத்தம் கூடினால் பனிக்குப் பாறைமேல் உள்ள பிடி தளரும், வேகமாகச் சறுக்கும். நீர் தானே சுரங்கம் குடைந்து வடிந்துவிட்டால் வேகம் குறையும். எங்கே, எப்போது, எது நடக்கும் என்றுதான் தேடுகிறோம்.

"சறுக்கி எங்க போகும்?"

"கடலுக்கு."

"அப்ப நம்மட கடல்லயும் தண்ணி கூடுமா?"

"ஓம்டா."

பாலமுனையில் இறங்கியதும் அவன் முதலில் கடலைத்தான் பார்த்தான்.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் போதும். ஏழு மணிக்கு முன் கரையில் நின்றால் தோணிகள் வருவதைப் பார்க்கலாம். ஐஸ் லொறியில் தொற்றுவதானால் துளைகளைப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

அன்று பகல் சாப்பாட்டில் உம்மா மறுபடியும் "போகாத" என்று தொடங்கினார். றிஸ்வான் மீன் முள்ளை எடுத்தபடியே சொன்னான்: "ராத்தா போகட்டும் உம்மா. அங்க தண்ணி எந்தப் பக்கம் போகுதெண்டு பாக்க நம்மட ஆள் ஒண்டு இரிக்கட்டும்."

உம்மா என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

"குளிருக்குப் போட ஒழுங்கான உடுப்பு இரிக்கா புள்ள?" என்று கேட்டார்.