அக்காவின் பக்கம்

அக்கா இறந்தபோது நான் மதுரையில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். அவளைத் திருவாதவூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மார்பில் இருந்த கட்டியை ஒரு வருஷமாக முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்தாள். லீவில் போன நான் அவளுக்கு முதுகு தேய்த்துவிடும்போதுதான் பார்த்தேன்.

"ஏன்க்கா சொல்லல?"

"வலிக்கவே இல்லடி. வலிக்காததுக்கு யாராவது ஆஸ்பத்திரிக்கு வருவாகளா?"

அறுத்து எடுத்தும் பிழைக்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் டாக்டர் புதிதாக வந்தார். என் வயதுதான் இருக்கும். இந்த நோயை வராமலே தடுக்க முடியாதா என்ற யோசனை அவரை விடவில்லை. கட்டியோடு வருகிறவர்களிடம் எந்த வயதில் பெரியவளானாய், எத்தனை பிள்ளை, எத்தனை மாதம் பால் கொடுத்தாய் என்று கேட்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக எழுதிக்கொள்வார்.

ஒருநாள் தயங்கித்தான் சொன்னேன். "நோய் இல்லாதவங்ககிட்டயும் இதையே கேக்க வேணாமா டாக்டரம்மா? இல்லாட்டி வித்தியாசம் எப்படித் தெரியும்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்கு இது தோணவே இல்லையேம்மா. நாளைக்கே ஆரம்பி. நீயே கேளு."

நோய் வந்தவர்களின் நோட்டில் அக்கா இல்லை; அன்று சாயங்காலம் புது நோட்டின் முதல் பக்கத்தை அவளுக்காக எடுத்தேன். பிள்ளை இல்லை என்று எழுதினேன். அவள் எந்த வயதில் பெரியவளானாள்? எனக்கு நினைவில்லை. அவளுக்கு மாதவிலக்கு தப்பித்தப்பி வருமா என்பதும் தெரியாது. ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள் நாங்கள். திருவாதவூர் போய் மச்சானிடம் கேட்டேன்.

"அவ எதையும் சொல்ல மாட்டா. நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பா, புள்ள" என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு அவள் குரல் வேண்டியிருந்தது.

மறுநாள் முதல் காய்ச்சலுக்கும் கண் வலிக்கும் வந்த பெண்களிடம் உட்கார்ந்தேன்.

"காலுல புண்ணுன்னு வந்தா மாரப் பத்திக் கேக்குறியே" என்று ஒருத்தி சிரித்தாள்.

சமயநல்லூரிலிருந்து இருமலுக்கு வந்த ஒருத்தி மட்டும் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் மாருல ஒரு கட்டி இருக்கு தாயி. சுண்டைக்கா அம்புட்டுத்தான்" என்றாள். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அடுத்த வாரம் ஆபரேஷன் நடந்தது. பிறகு பல வருஷம், நல்ல உடம்போடு, முருங்கைக்காய்க் கட்டோடு என்னைப் பார்க்க வந்தாள். அவள் வந்து போன நாட்களில் எனக்குச் சோறு இறங்காது. அக்காவும் அவள் வயதுதான்.

ஜெர்மனியோடு யுத்தம் தொடங்கியபோது டாக்டரம்மாவை மதராசுக்கு மாற்றிவிட்டார்கள். நோட்டுகளைக் கொண்டுபோனார். முதல் பக்கத்தைக் கிழித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், மற்றவர்களோடு இருக்கட்டும் என்றேன்.

அங்கிருந்து அவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. பெரிய டாக்டர்கள் நோட்டுகளைப் படித்தார்களாம். யோசனை சரி, ஆனால் இன்னும் நிறையப் பேரிடம் கேட்க வேண்டும் என்றார்களாம். நான் கடைக்குப் போய் இரண்டு நோட்டு வாங்கி வந்தேன்.