ரிவ்கா தொலைபேசியை எடுத்த சனிக்கிழமை

போன கிழமை மகள் எட்மண்டனில் ஒரு ரொட்டி வாங்கி வந்தாள். சடை பின்னியதுபோல் இருக்கும், மேலே கசகசா. மணம் வந்ததும் கைவேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எண்பதுகளின் கடைசியில், இதே லண்டனில், ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் ஒரு யூத பேக்கரியில் இதைத்தான் பின்னிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட நாளில் என் சடையையே ஒழுங்காகப் பின்னத் தெரியாதவள் நான் என்பது வேறு கதை.

பக்கத்தில் நின்று மா பிசைந்தவள் ரிவ்கா. என் வயதுதான். "உங்கள் சாமிப் படம் எங்கே?" என்று என் ஓட்டை இங்கிலிசில் முதல் நாளே கேட்டுவைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். படமில்லை, உருவமில்லை, ஒரே கடவுள். அவர் சொல் கேட்டு ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டதில் தொடங்கியதாம் எல்லாம். "எகிப்தில் நாங்கள் அடிமைகளாக இருந்தோம்" என்பாள், ஏதோ போன வருடம் நடந்ததுபோல. மோசே மீட்டு வந்தார். சீனாய் மலையில் கட்டளைகள் கிடைத்தன. அடிமைக்கு ஏது ஓய்வு நாள்? அதனால் சனிக்கிழமை வேலை செய்யமாட்டார்கள், நெருப்பு மூட்டமாட்டார்கள், தொலைபேசியைத் தொடமாட்டார்கள்.

அப்படியொரு சனிக்கிழமை காலையில்தான் தடுப்பு முகாமிலிருந்து என் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய அகதி மனு தள்ளுபடியாகியிருந்தது.

"மத்தியானப் பிளேனிலை கொழும்புக்கு ஏத்துறாங்களாம். லோயருக்கு அடிச்சுப் பார். நீ அழாதை, நான் எப்பிடியும் வாறன்."

லோயரின் அலுவலகம் பூட்டு. இந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ரிவ்கா வீட்டுக்கு ஓடினேன். கேட்கக்கூடாததைக் கேட்க வந்திருக்கிறேன் என்று தெரியும். அழுதழுது பாதி சொல்வதற்குள் அவள் தொலைபேசியை எடுத்துவிட்டாள்.

"உயிர் என்று வந்தால் ஓய்வு நாள் வழிவிட வேண்டும். அதுவும் எங்கள் சட்டம்தான்."

தெரிந்த வக்கீல் ஒருவரை வீட்டில் பிடித்தாள். அவர் நீதிபதியைப் பிடித்தார். தடை உத்தரவு போய்ச் சேர்வதற்குள் விமானம் கிளம்பிவிட்டது.

கொழும்பில் இறங்கியவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

"உன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்று ரிவ்காவைப் பிடித்து உலுக்கினேன்.

"அவரையே கேள், சண்டை பிடி. ஓர் ஊரைக் காப்பாற்ற ஆபிரகாம் அவரோடு வாதாடியிருக்கிறார்" என்றவள் என்னோடு சேர்ந்து அழுதாள்.

வாதாடினேன், வருடக்கணக்காக.

தொண்ணூறுகளில் பேக்கரியை மூடினார்கள். ரிவ்கா மான்செஸ்டருக்குப் போனாள்; கடிதங்கள் குறைந்து, நின்றும்போயின. கணவரின் முகம் படத்தில் இருக்கிறது. கடைசியாகச் சொன்ன வார்த்தைகளும் ஒன்றுவிடாமல் ஞாபகம். குரல்தான் போய்விட்டது. மகள் கேட்கிறாள், அப்பா எப்படிப் பேசுவார் என்று.