கைப்பிடிக்கு ஒரு உளி

என் மனைவிக்கு வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, விரல்களில் இறங்கிய வீக்கம் மட்டும் போகவில்லை. வலது கை முழுதாக மடங்காது. மெல்லிய எவர்சில்வர் கரண்டிக் காம்பைப் பிடித்தால் நழுவிக் குழம்புக்குள் விழும். துணி சுற்றிப் பார்த்தோம், ஈரமானதும் அதுவும் வழுக்கியது. “நீங்க உக்காருங்க மாமி” என்று மருமகள் பிரியமாகத்தான் சொன்னாள். அந்தப் பிரியத்தில் அடுப்படி கை மாறிவிட்டது. அன்றிலிருந்து என்ன சமையல் என்றுகூட இவள் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

தடிமனாக ஒரு மரப்பிடி கடைந்து கொடுத்துவிடலாம் என்று கிளம்பினேன். என் துணிக்கடையில் மீட்டர் கட்டையைத் தவிர வேறு மரத்தைத் தொட்டவனில்லை நான். உளுந்தூர்பேட்டையில் கட்டில் கால் கடைகிறவர் ஒருவர் பழைய கடைசல் மெஷினை விற்றார். உளியைத் தரமாட்டேன் என்றுவிட்டார். உளிதானே, கள்ளக்குறிச்சியில் கிடைக்காத உளியா என்று நினைத்தேன்.

அங்கேதான் சறுக்கினேன். எங்கள் ஊரில் மரச்சிற்பம் செய்கிறவர்கள் அதிகம். இரும்புக்கடையில் போய் மர உளி என்று மொட்டையாகக் கேட்டால் சிற்ப உளிதான் கைக்கு வரும். குட்டை குட்டையாக, அழகாக இருந்தன. மெஷினில் சுற்றுகிற கட்டையில் ஒன்றை வைத்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்ச் சுவரில் அடித்தது. இரண்டு டீ குடித்த பிறகுதான் அதைப் போய் எடுத்தேன்.

திரும்பப் போனேன். “அது தட்டிச் செதுக்கறது பாய். சுத்தற கட்டைக்குன்னு மொதல்லயே சொல்லக் கூடாதா?” என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து நீளநீளமாக ஒரு கட்டு எடுத்து வந்தார். ஒன்று வாய்க்கால் மாதிரி குழிந்தது, ஒன்று சாய்வாய் வெட்டியது, ஒன்று தட்டை, ஒன்று குச்சி போல் ஒல்லி. எது வேண்டும் என்று கேட்டார். தெரிந்தால் நான் ஏன் அங்கே நிற்கப்போகிறேன்? வீட்டில் வைத்துப் பார்த்து, வேண்டாததைத் திருப்பிக் கொடுங்கள் என்றார்.

கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்போன் வீடியோவில் ஒருவர் குழிந்ததில்தான் தொடங்க வேண்டும் என்றார். இன்னொருவர், புதிதாகப் பழகுகிறவர்களுக்குத் தட்டைதான் ஆபத்தில்லை என்றார். மெஷின் விற்றவருக்குப் போன் போட்டால், எல்லாம் ஒன்றுதான், கை பழகணும் என்று வைத்துவிட்டார். சாய்வானதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடிப்பது என்றுகூடப் புரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. மருமகள் கொண்டுவந்த சாப்பாட்டையும் எரிச்சலில் வேண்டாம் என்றேன்.

பாய் விரிக்க இடமில்லை என்று மனைவி வந்தாள். உளிகளை ஓரமாக எடுத்து வைக்கக் குனிந்தவள், குழிந்த உளியைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். நான் இரும்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். அதன் உருண்டை மரப்பிடியை அவள் விரல்கள் நன்றாகப் பற்றியிருந்தன. உதறிப் பார்த்தாள். நழுவவில்லை.

“இன்னாங்க, இந்தப் புடியக் கழட்டி கரண்டில மாட்டிக் குடுங்க.”

பிடி போனால் உளி வீணாகிவிடும், பொறு, இதே அளவில் நானே கடைந்து தருகிறேன், எந்த உளி என்று மட்டும் முடிவாகட்டும் என்றேன்.

“நீங்க எப்ப உளி பொறுக்கறது, நான் எப்ப கொழம்பு கிண்டறது?”

பிடியைக் கழற்றி, பாதியாய் அறுத்து, கரண்டிக் காம்பைச் செருகி ஆப்பு அடித்தேன். ஆசையாய்ச் செய்ய நினைத்த வேலை அவ்வளவு சீக்கிரம் முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட. பிடியில்லாத அந்த உளியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அதற்கு என்ன பெயர் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது அடுப்படியில் அவள் மருமகளிடம் சொல்வது கேட்டது.

“நவுரும்மா.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டேன். அன்று கடையை மதியம்தான் திறந்தேன்.