தொண்ணூற்றொன்பது மைல், எழுபத்தைந்து நிமிடம்

வரைபடத்தில் நூலை வைத்து மூன்று முறை அளந்தேன். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்பது, நூற்றிரண்டு என்று மூன்று விடைகள் வந்தன. நடுவில் இருந்ததைத்தான் எழுதிக் கொடுத்தேன் என்பதை அன்று விமானியிடம் நான் சொல்லவில்லை.

சென்ற ஜனவரியில் ஆம்பூர்த் தோல் மண்டி முதலாளி காதர் சாயபு, சென்னையிலிருந்து ஒரு விமானத்தை எங்கள் ஊருக்கு வரவழைத்தார். தூரத்தைக் கணக்கிடும் வேலை, அங்கே பெண்கள் பள்ளியில் பூகோளம் சொல்லித்தரும் என்னிடம் வந்தது. ரயிலில் நூற்றுப் பதின்மூன்று மைல். நேர்கோட்டில் தொண்ணூற்றொன்பது, மணிக்கு எண்பது மைல் வேகத்தில் எழுபத்தைந்து நிமிடம் என்றேன். "கணக்குப் போட்டவங்களே அதுல வரட்டும்" என்றார் சாயபு. கட்டணம் இருபத்தைந்து ரூபாயையும் அவரே கட்டினார்.

ரயிலில் சென்னை போய், பரங்கிமலைக்கு அருகிலுள்ள மைதானத்திலிருந்து காலை எட்டு பத்துக்குக் கிளம்பினோம். முன் இருக்கையில் நான். பின்னால் விமானி வரதராஜுலு. தலையில் மாட்டிவிட்ட தோல் தொப்பி எங்கள் ஊரில் பதனிட்டதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். பேச ஒரு ரப்பர் குழாய் உண்டு, கத்தினால்தான் கேட்கும்.

நாற்பத்தேழாவது நிமிடத்தில் பாலாற்றங்கரையில் வெள்ளை வட்டம் ஒன்று தெரிந்தது. இறங்குமிடத்தைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக் காட்டுவதாகத்தான் ஏற்பாடு. விமானம் தாழ்ந்தது.

"ஆம்பூர் வந்துடுச்சும்மா."

"இது மேல்விஷாரங்க. இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருக்குது."

"பின்காத்து ஜாஸ்தி, தள்ளிக்கினு வந்துடுச்சு. ஆறு இருக்குது, தோல் காயுது, வட்டம் இருக்குது. வேற இன்னா வேணும்?"

கீழே செங்கல் சூளைப் புகை நிமிர்ந்து நின்றது. காற்றே இல்லை.

"அது தோல் ஊறவெக்கற சுண்ணாம்புக் குழிங்க. எறங்கினா நம்மளையும் ஊறப் போட்டுடுவாங்க."

நிலம் இன்னும் நெருங்கியது.

"ஆறு நிமிஷம் மேற்கே போங்க. வலப்பக்கம் வேலூர்க் கோட்டை வரணும். வரலன்னா திரும்பிடலாம்."

"பெட்ரோல் வீணாப் போனா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"சரி வாத்தியாரம்மா. ஆறே நிமிஷம்."

விமானம் மேலேறியது. தலைமையாசிரியையிடம் இரவல் வாங்கிய கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நூற்றிரண்டுதான் சரியோ என்ற நினைப்பு வந்தபோது ஐந்து நிமிடம் கழிந்திருந்தது. பிறகு வலப்பக்கம், அகழித் தண்ணீர் நான்கு புறமும் மின்ன, கோட்டை வந்தது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அவ்வளவு உயரத்தில் என் கணக்கு நிஜமாக நிற்பதைப் பார்த்த பெருமை எனக்கு இன்றும் குறையவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு ஆம்பூரில் இறங்கினோம்.

"இன்னா டீச்சர், பேஜாராப் போச்சா?" என்றார் சாயபு.

"இவங்க இல்லன்னா நான் விஷாரத்துச் சுண்ணாம்புல இருந்திருப்பேன் பாய்" என்று வரதராஜுலுவே சொல்லிவிட்டார்.

விமானத்தில் போக நினைப்பவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். முந்தானையை இறுகச் செருகிக்கொள்ளுங்கள். வழியிலுள்ள ஊர்களையும் அவை வரவேண்டிய நிமிடங்களையும் ஒரு காகிதத்தில் எழுதி மடியில் வையுங்கள். மேலிருந்து பார்த்தால் தோல் பதனிடும் ஊரெல்லாம் ஒரே ஊர்தான்.

அடுத்த மாதம் ஆம்பூரில் சுண்ணாம்புக்குப் பதில் குடியாத்தத்துச் சிவப்புத் துணியை வட்டமாக விரித்தார்கள். வரதராஜுலு தனியாக வந்தார். எழுபத்தாறு நிமிடத்தில் இறங்கினார்.